பதினொருவர் வீழ்ந்தனர், பதினொருவர் எழுந்தனர்!



தேர்தல் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது பாராளுமன்றம். பளிங்கு மண்டபம், பட்டு மெத்தை, பிரதமர் நாற்காலி, பிரமிக்கும் கூட்டம்! இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் அத்தகையது அன்று. இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில், டார்பிஷயர் என்னும் கவுண்டியில், ஏறத்தாழ பத்தாயிரம் மக்கள் வாழ்ந்த ஒரு சிற்றூர். கிளே கிராஸ் அதன் பெயர். கோட்டை இல்லை அங்கே, கொத்தளம் இல்லை. கரி உண்டு, கரி வெட்டிக் கறுத்த கரங்கள் உண்டு. அந்தக் கரங்கள் வாக்குச் சீட்டை எப்படிப் பிடித்தன என்பதுதான் இன்றைய என் பேச்சின் பொருள்.

1837 ஆம் ஆண்டில் இரயில் பாதைக்காக அங்கே சுரங்க வழி குடையத் தொடங்கினார் ஜார்ஜ் ஸ்டீவன்சன். குடைந்த இடத்தில் நிலக்கரி கிடைத்தது. இரும்புக் கல்லும் கிடைத்தது. கம்பெனி பிறந்தது, ஊரும் வளர்ந்தது. வேலை கொடுத்தது கம்பெனி. குடியிருக்க வீடு கொடுத்ததும் கம்பெனி. வேலை தருபவரே வீட்டுக்காரராகவும் இருந்தால், தொழிலாளி எந்த முற்றத்தில் நின்று உரிமை பேசுவான்? வாய் திறந்தால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். அந்த நாளில் வீட்டு வாடகை என்பது வெறும் பணக் கணக்கன்று, தோழர்களே. அது மனிதனின் கழுத்தில் கட்டிய கயிறு!

1894 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்து முழுவதும் நகர்ப்புற மாவட்ட மன்றங்களும் கிராமப்புற மாவட்ட மன்றங்களும் அமைந்தன. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கப் பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்த அந்த நாட்டில், மாவட்ட மன்றத் தேர்தலில் தகுதி பெற்ற பெண்கள் 1894 லேயே வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம் என்றாயிற்று. பெரிய மாளிகையின் கதவு மூடியே இருந்தபோது, சிறிய மன்றத்தின் கதவு முதலில் திறந்தது. குடிநீர், சாக்கடை, குப்பை என்று தொடங்கிய அந்த மன்றங்களுக்கு, 1919 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மக்களுக்கு வீடு கட்டித் தரும் பெரும் கடமையும் வந்து சேர்ந்தது.

கிளே கிராஸ் நகர்ப்புற மாவட்ட மன்றத்தில் இடங்கள் 11. அந்தப் பதினொன்றையும் தொழிற்கட்சி வென்றெடுத்தது. எதிர்க்கட்சி வரிசையே இல்லாத மன்றம்! டென்னிஸ் ஸ்கின்னர் என்னும் சுரங்கத் தொழிலாளி 1960 முதல் 1970 வரை அங்கே உறுப்பினர். பின்னர் அவர் பால்சோவர் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஊர் மன்றத்தில் இருந்தனர்.

வென்றவர்கள் என்ன செய்தார்கள்? மாலையை ஆணியில் மாட்டிவிட்டு உறங்கினார்களா? இல்லை. இடிந்த சேரிகளை அகற்றினார்கள். புதிய வீடுகளைக் கட்டினார்கள். அந்த வீடுகளுக்கு ஏழை தாங்கக்கூடிய குறைந்த வாடகையை வைத்தார்கள். 1971 ஆம் ஆண்டில், கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர், ஏழு வயதைக் கடந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் இல்லை என்றார். கிளே கிராஸ் மன்றமோ, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால் உண்டு என்று தொடர்ந்து வழங்கியது. அங்கே கோப்பில் கையெழுத்தாகக் கிடக்காமல், குழந்தையின் கையில் கோப்பையாக வந்து சேர்ந்தது கொள்கை!

வந்தது 1972. எட்வர்ட் ஹீத் தலைமையில் நடந்த கன்சர்வேடிவ் ஆட்சி, வீட்டு நிதிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஊர் மன்றங்கள் தம் வீடுகளுக்கு வாடகையைத் தாமே விதித்துவந்த உரிமை அதனால் பறிபோயிற்று. வாடகையை உயர்த்து, வாரத்திற்கு 1 பவுன் ஏற்று, அந்த ஆண்டு அக்டோபர் முதல் வசூலி என்றது மேலிடம். "நியாய வாடகை" என்று அதற்குப் பெயர் சூட்டினர். பெயரில் நியாயம் இருந்தது. பையில் பணம் இருந்ததா, சுரங்கத் தொழிலாளிக்கு?

எதிர்ப்புக் குரல் பல மன்றங்களில் எழுந்தது. முழங்கினர் பலர், முனகினர் சிலர், பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பணிந்தன மன்றங்கள். பணியாமல் கடைசி வரை நின்றது கிளே கிராஸ். குறைந்த வாடகை என்று வாக்காளர்க்கு உறுதி கூறி வந்தோம். கூறிய உறுதியைக் கொல்ல நாங்களே கத்தி எடுக்க மாட்டோம் என்றனர் அந்தப் பதினொருவர்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவேண்டும். சட்டம் செய்த பாராளுமன்றமும் மக்கள் வாக்கில் பிறந்ததுதானே? அதை மீறுவது மக்களாட்சிக்கு அடுக்குமா? மாற்றார் கேட்கும் கேள்வி இது. மழுப்பாமல் விடை கூற வேண்டிய கேள்வி. அந்தப் பதினொருவர் சட்டத்துக்கு அஞ்சி ஒளியவில்லை, இருட்டில் கல்லெறியவில்லை. பகலில், பொது மன்றத்தில், பெயர் சொல்லி வாக்களித்து மறுத்தார்கள். மறுப்பின் விலை என்னவோ அதைத் தம் தலையில் தாங்கினார்கள். தமக்கு வாக்களித்தவனிடம் மட்டுமே தாம் கணக்குக் கூறவேண்டும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை சட்டப்படி சரியா என்பதை நீதிமன்றம் முடிவு செய்தது. அறப்படி சரியா என்பதை ஊர் முடிவு செய்தது. இரண்டு தீர்ப்பும் வந்தன, கேளுங்கள்.

முதலில் வந்தவர் மாவட்டத் தணிக்கையாளர். வசூலிக்காமல் விட்ட வாடகையைக் கணக்கிட்டார்: 6,985 பவுன். அரசாங்கப் பணம் அன்று, உங்கள் பணம் கொண்டு கட்டுங்கள் என்றார். ஆளுக்கு 635 பவுன்! கோடீசுவரர்களா அவர்கள்? உழைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற குடும்பத்தினர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 1973 ஜூலையில் தோற்றது. மேல்முறையீடும் 1974 ஜனவரியில் தோற்றது. பதவி போயிற்று. ஐந்தாண்டுகள் தேர்தலில் நிற்கும் தகுதியும் போயிற்று. இடையில் வீட்டு ஆணையர் ஒருவரை அரசு அனுப்பி வைத்தது. மன்றம் அவருடன் ஒத்துழைக்க மறுத்தது. வந்தவரால் உயர்த்திய வாடகையைத் திரட்ட இயலவில்லை.

பதினொரு நாற்காலிகளும் காலி. இனி யார் வருவார்? முன்னவர் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டபின், எவன் துணிந்து வேட்புமனுவில் கையெழுத்திடுவான்? நாடகம் எழுதுபவன் நான். இத்தகைய காட்சியை நான் எழுதியிருந்தால், நம்பத் தகாதது என்று நீங்களே நகைத்திருப்பீர்கள். ஆனால் நடந்தது! அதே கட்சி, அதே கொள்கை, புதிய பதினொருவர்! கிரிக்கெட் ஆட்டத்தின் மொழியில் "இரண்டாவது பதினொருவர்" என்று அவர்களை அழைத்தார்கள். 1974 தொடக்கத்தில் நடந்த இடைத் தேர்தலில் அந்தப் பதினொருவரில் பத்துப் பேர் வென்றனர். நீதிமன்றம் வெளியேற்றிய கொள்கையை வாக்குப் பெட்டி மீண்டும் உள்ளே அழைத்து வந்தது. ஊரின் தீர்ப்பு அது!

ஆனால், தோழர்களே, வெற்றி பெற்ற அந்த மன்றம் சில வாரங்களே வாழ்ந்தது. உள்ளாட்சிச் சீரமைப்புச் சட்டப்படி 1974 ஏப்ரல் 1 ஆம் நாள் கிளே கிராஸ் மன்றமே மறைந்தது. டிரான்ஃபீல்டு நகரோடும் செஸ்டர்ஃபீல்டைச் சூழ்ந்த சிற்றூர்களோடும் இணைக்கப்பட்டு, வடகிழக்கு டார்பிஷயர் மாவட்ட மன்றம் ஆயிற்று. மன்றம் மறைந்தது, வாதம் மறையவில்லை. 1974 இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1975 இல் புதிய சட்டம் பிறந்தது. வாடகையை விதிக்கும் உரிமை ஊர் மன்றங்களுக்குத் திரும்பியது. மன்ற உறுப்பினர்மேல் தண்டத் தொகை சுமத்தும் அந்தத் தணிக்கை முறையும் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

இத்துடன் முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கைதட்டலுக்காக மட்டும் பேசுவது இயக்கத்திற்குச் செய்யும் தொண்டாகாது. எஞ்சிய பாதியையும் கூறுகிறேன்.

புதிய மாவட்டம் தொழிற்கட்சியின் கோட்டை எனப் பல பத்தாண்டுகள் பெயர் பெற்றிருந்தது. 1984-85 வேலைநிறுத்தத்திற்குப் பின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. கரி போயிற்று, கரியோடு சங்கம் தளர்ந்தது, சங்கத்தோடு மாலைக் கூட்டமும் மங்கியது. ஷெஃபீல்டு நகரில் வேலை செய்வோர் குடியேறிய புதிய தெருக்கள் எழுந்தன. அந்தத் தெருக்களில், பதினொருவரைப் பற்றி அறியாத பிள்ளைகள் வாக்காளராயினர். 2017 இல் வடகிழக்கு டார்பிஷயர் பாராளுமன்றத் தொகுதி கன்சர்வேடிவ் கட்சியின் கைக்குச் சென்றது. 2019 மே மாதம், 53 இடங்கள் கொண்ட மாவட்ட மன்றத்திலும் அந்தக் கட்சி பெரும்பான்மை பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் பால்சோவரில் டென்னிஸ் ஸ்கின்னரும் தோற்றார். 49 ஆண்டுகள் இருந்த இடத்தை இழந்தார்.

யார் செய்த சதி? எவரும் செய்யவில்லை. தியாகத்தின் பெயரை மட்டும் சொல்லி வாக்குக் கேட்க முடியாது என்பதை மக்கள் கூறினர், அவ்வளவுதான். பாட்டன் பெற்ற தழும்பைக் காட்டி, பேரன் வாக்கு வாங்க இயலாது. பேரன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று இன்று சென்று பார்ப்பவனுக்கே இன்றைய வாக்கு! 2023 இல் தொழிற்கட்சி மாவட்ட மன்றத்தில் மீண்டும் பெரும்பான்மை பெற்றது. 2024 இல் பாராளுமன்றத் தொகுதியையும் மீட்டது. உடனே 2025 மே மாதம், மேலடுக்கான டார்பிஷயர் கவுண்டி மன்றத்தை ரிஃபார்ம் என்னும் புதிய கட்சி கைப்பற்றியது! கோட்டை என்று நாம் கூறுவதெல்லாம், காவலன் விழித்திருக்கும் வரையில்தான் கோட்டை.

இன்னொன்றும் உண்டு. 2024 டிசம்பரில் இங்கிலாந்து அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. மாவட்ட மன்றம், கவுண்டி மன்றம் என்ற இரண்டடுக்கை ஒழித்து, பெரிய ஒற்றை மன்றங்களாக்குவது அதன் நோக்கம். செலவு குறையும் என்கின்றனர், குறையலாம். ஆனால் மன்றம் பெரிதாகப் பெரிதாக, வாக்காளன் நடக்கவேண்டிய தொலைவு நீளும். தன் தெரு உறுப்பினரின் கதவைத் தட்டி, "வாடகை என்ன ஆயிற்று?" என்று கேட்கும் உரிமைக்கு எந்தத் தணிக்கையாளர் விலை போடுவார்?

தோழர்களே! அந்தச் சிற்றூர் நமக்கு விட்டுச் சென்றவை மூன்று. வாக்குறுதி தந்தால் அதன் விலையைக் கொடுக்கச் சித்தமாயிரு. நீ வீழ்ந்தால் உன் இடத்தில் நிற்க இன்னொருவனை இன்றே ஆயத்தப்படுத்து. வென்ற தேர்தலை எண்ணி மகிழ்ந்திராமல், வரும் தேர்தலில் வாக்களிக்கப் போகும் இளைஞனின் வீட்டுத் திண்ணைக்குச் சென்று அமர்.

மேடையில் முழங்குவது எளிது. என்னைப் போன்றோர் செய்துவிடுவோம். தெருவில் நடப்பதுதான் கடினம்; அது உங்களால் ஆகவேண்டியது. நாளைக் காலையே அந்த நடையைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.