ஓதலும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்

(நீடாமங்கலத்தில் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். தர்காவை நாடினால் நலமாகும் என்று உறவினர் கொண்டுவந்து விட்டுச் சென்ற மக்கள் அவர்கள். அம்மாதமே அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடி, 500க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் ஏற்றது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்துள்ளது.

ஆயினும் நோயை மறைக்கும் வழக்கம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. ஊர் பேசும், சம்பந்தம் அமையாது என்று அஞ்சுகிறோம்.

பிறரை மட்டும் குறை கூறுவானேன்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். உறக்கமில்லை, உணவில்லை, எவரோடும் பேச்சில்லை. நாமும் ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு மாதம் கொடுத்தோம். டாக்டரிடமும் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அப்பிள்ளையின் மாமாதான் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறினார். அந்த இரண்டு மாதத்திற்கு நாமே பொறுப்பாளி. ஓதுவதை விடச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே. மகன் யூசுஃபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. ஒரு நபிக்கே அந்நிலை எனில், வாடி நிற்கும் பிள்ளையைப் பார்த்து ‘ஈமான் பலவீனம்’ என்று தீர்ப்புக் கூற நாம் யார்?

இளைஞர்களே! வாட்ஸ்அப்பில் ஒருவர் நள்ளிரவில் மனமுடைந்து ஸ்டேட்டஸ் வைக்கிறார். ஏழு பேர் ‘ஸப்ரு செய்’ என்று எழுதுகின்றனர், இருவர் சிரிப்புப் பொம்மை இடுகின்றனர், அதைப் படமெடுத்து வேறு குழுவிற்கு அனுப்புகிறவரும் உண்டு. அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர் எவருமில்லை. சஃபரில் இருக்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம்; அறையில் நான்கு பேர் இருந்தும் அவர்களுக்குத் துணை கைப்பேசி ஒன்றே.

அதே கைப்பேசியை நன்மைக்கும் பயன்படுத்தலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். நம் குழுக்களில் காலை ஸலாமுடன் பூப்படம் வருவதற்குக் குறைவில்லை. வெள்ளிதோறும் இந்த எண்ணும் வரட்டும். தற்கொலைச் செய்தி வந்தால் படத்தையும், செய்த முறையையும், கேள்விப்பட்ட காரணத்தையும் பரப்பாதீர்கள். அதைப் பார்க்கும் இன்னொரு நொந்த உள்ளத்திற்கு அது வழிகாட்டியாகிவிடும். ஒருவர் சாவைப் பற்றி எழுதினால் குழுவில் பதிலிடாதீர்கள். நேரே அழைத்துப் பேசுங்கள், அருகிலிருந்தால் போய் உட்காருங்கள், தனியே விட்டுவராதீர்கள்.

இஷாவிற்குப் பின் பள்ளியில் நாம் இருப்போம். ஓதிப் பார்க்க வருவோருக்கு ஓதுவோம். வேண்டியவர்களுடன் திருவாரூருக்கும் பேருந்தில் வருவோம்.