நகரத்துப் புகையும் நம் வயலும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நகரங்களின் காற்றைக் கெடுக்கும் மோட்டார் வாகனப் புகையைப் பற்றி இன்று பேசப் போகிறேன் என்று முன்னரே தெரிவித்திருந்தேன். அதைக் கேட்ட உறுப்பினர் ஒருவர், "ஐயா, நமக்குத் தண்ணீர்க் கவலை இருக்கிறது, உரக் கவலை இருக்கிறது. பட்டணத்துப் புகையைப் பற்றிப் பட்டணத்தாரே கவலைப்படட்டுமே" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுவதே என் பேச்சின் நோக்கம்.

நகரத்து வாகனப் புகையின் உண்மைத் தன்மையை உலகுக்கு முதன்முதலாகக் காட்டிக் கொடுத்த சாட்சிகளுள் ஒன்று, ஒரு விவசாயியின் கீரைப் பாத்தி என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். ஆயினும் அது நடந்த செய்தி.

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்னும் பெருநகரம் உள்ளது. ஒரு புறம் கடல். மற்றப் புறங்களில் மலை. கீழுள்ள குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று ஒரு மூடியைப் போல் படிந்து நிற்பதால், அங்கே எழும் புகை எளிதில் மேலே போக வழியில்லை. 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் அந்நகரைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால், எதிரிகள் நச்சுப் புகையை ஏவிவிட்டார்களோ என்று அஞ்சியவர்களும் உண்டு. செயற்கை ரப்பருக்கு வேண்டிய பொருளைத் தயாரித்த ஒரு தொழிற்சாலையின் மேல் பழி விழுந்தது. அது சில காலம் நிறுத்தப்பட்டது, புகைமூட்டமோ நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு, அதாவது 1944 முதற்கொண்டு, அந்நகரைச் சுற்றியிருந்த விவசாயிகள் புதியதொரு கேட்டைக் கண்டனர். கீரை, பீட்கிழங்கு, குதிரைமசால் முதலிய பயிர்களின் இலைகள் வெள்ளி பூசினாற்போல் மினுங்கிப் பின்னர்ப் பழுப்பேறிக் காய்ந்தன. பூச்சியும் இல்லை, பூஞ்சணமும் இல்லை, தண்ணீர்க் குறைவும் இல்லை. புகைமூட்டம் வந்த நாட்களை அடுத்தே இக்கேடு வந்தது.

இந்தப் புதிரை ஆராய முன்வந்தவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயனப் பேராசிரியர். ஹாலந்து நாட்டில் பிறந்த அவர், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்திற்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் மணத்தைப் பிரித்தறியக் கையாண்ட முறையைக் கொண்டே நகரத்தின் காற்றையும் அவர் ஆராய்ந்தார். முற்றிலும் எரியாமல் வெளிவரும் பெட்ரோல் ஆவியும், இயந்திரத்தின் கடுஞ்சூட்டில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் ஒன்றுகூடி ஓசோன் முதலிய கடும் வாயுக்களை உண்டாக்குகின்றன என்பதை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் நிறுவினார். ஓசோனையும் பெட்ரோல் ஆவியையும் கலந்து செடிகளின்மீது செலுத்தியபோது, விவசாயிகளின் வயலில் கண்ட அதே கேடு ஆய்வுக்கூடத்துச் செடிகளிலும் தோன்றியது.

ஆக, பெருங்குற்றவாளி ஒரு தொழிற்சாலை அல்ல; நகரத்தார் அனைவரும் அன்றாடம் ஓட்டிய மோட்டார் வண்டிகளும், பெட்ரோலைச் சுத்திகரித்த ஆலைகளுமே என்று தெரியவந்தது. மோட்டார் உற்பத்தியாளர்கள் இதனை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வாதமும் மறுவாதமும் பல ஆண்டுகள் நடந்தன. 1966-இல் கலிபோர்னியாவில், வண்டியின் புகைக் குழாயிலிருந்து வெளிவரும் மாசுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அம்மாநிலம் அமைத்த காற்று வள வாரியத்திற்கு 1968-இல் ஹாகன்-ஸ்மித்தே முதல் தலைவரானார். 1975 முதல் அமெரிக்கப் புதுக் கார்களில், நச்சு வாயுக்களை மாற்றியமைக்கும் வினையூக்கிக் கருவி பொருத்தப்படலாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் அக்கருவியைக் கெடுத்துவிடும். ஆகவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. அங்கே கார்கள் பன்மடங்கு பெருகியபோதிலும், அக்காலத்துக் கண்ணெரிச்சல் புகைமூட்டம் இன்று இல்லை. எனினும், ஓசோன் அளவு வரம்பைக் கடக்கும் நாட்கள் அந்நகரில் இன்றும் உண்டு. தொடங்கிய வேலை முடிந்துவிடவில்லை என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

இதிலிருந்து விவசாயிகளாகிய நாம் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓசோன் நகரத்தின் நடுவிலேயே தங்கிவிடுவதில்லை. நகரத்தில் எழும் புகை காற்றோடு நகர்ந்து, வெயிலில் மணிக்கணக்கில் மாறுதலடைந்து, நகரத்திற்கு வெளியேயுள்ள கிராமங்களின் மேல் அதிக ஓசோனாக நிற்பது உண்டு. பயிர் இலையின் துளைகள் வழியே அது உட்புகுந்து, உணவு தயாரிக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. இலையில் புள்ளி தெரியாமலே மகசூல் குறைவதும் உண்டு. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் பங்குகொண்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று, 2005-ஆம் ஆண்டில் நம் நாடு ஓசோனால் இழந்த கோதுமை ஏறத்தாழ 35 இலட்சம் டன் என்றும், நெல் விளைச்சலில் இழந்தது ஏறத்தாழ 21 இலட்சம் டன் என்றும் மதிப்பிட்டது. இந்த ஓசோன் முழுவதும் வாகனங்களால் மட்டும் உண்டானதன்று; அனல் மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் வாகனப் புகை ஒரு முக்கிய காரணம் என்பதில் ஐயமில்லை. பட்டணத்துப் புகையைப் பற்றி நமக்கென்ன என்று கேட்ட நண்பருக்கு இதுவே என் முதல் விடை.

இரண்டாவது விடை, நம் பிள்ளைகளைப் பற்றியது. நகரத்தில் லாரி ஓட்டுபவர் யார்? மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர் யார்? சாலையோரத்தில் கடை போட்டிருப்பவர் யார்? கல்லூரிக்குப் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர் யார்? நம் வீட்டுப் பிள்ளைகளே. குளிரூட்டிய காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்பவரைவிட, அதன் பின்னால் நிற்பவரே புகையை மிகுதியாகச் சுவாசிக்கிறார். டீசல் புகையிலுள்ள கரித்துகள்கள் ஒரு மயிரிழையின் முப்பதில் ஒரு பங்கினும் நுண்ணியவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. அவை நுரையீரலின் ஆழம்வரை சென்று சேர்கின்றன. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது.

நம் நாட்டில் இதற்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் காண்போம். தலைநகர் டெல்லியின் காற்றைப் பற்றி வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1998-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டெல்லியின் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச் முடிவுக்குள் டீசலை விட்டு அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. எரிவாயு நிரப்பும் நிலையங்கள் போதவில்லை. ஆட்டோ ஓட்டிகள் நீண்ட வரிசையில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தனர். பஸ் கிடைக்காமல் மக்கள் அல்லலுற்றனர். எனினும் 2002-ஆம் ஆண்டு முடிவதற்குள் மாற்றம் நிறைவேறியது. பஸ்களின் கரும்புகை மறைந்தது.

ஆனால் பின்னர் நடந்தது யாது? தனியார் கார்களும் இரு சக்கர வண்டிகளும் ஆண்டுதோறும் பெருகின. கிடைத்த நன்மையின் பெரும்பகுதி அந்தப் பெருக்கத்தில் கரைந்துபோயிற்று. சாலைப் புழுதி, ஆலைப் புகை, குப்பை எரிப்பு, குளிர்காலத் தொடக்கத்தில் அண்டை மாநிலங்களில் வைக்கோல் தாள் எரிப்பு ஆகியனவும் சேர்ந்துகொண்டன. எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது, வண்டிகளின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கவேண்டும் என்பதே டெல்லி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நாடு முழுவதற்குமான முயற்சிகளும் உண்டு. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயமில்லாத பெட்ரோலே நாடெங்கும் விற்கப்படுகிறது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஆறாம் நிலை விதி நடைமுறையில் உள்ளது. இதன்படி டீசலிலுள்ள கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புது டீசல் லாரிகளிலும் கார்களிலும் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. ஆயினும், பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் நம் சாலைகளில் ஓடத்தான் போகின்றன.

இங்கே நியாயமான குறை ஒன்று எழும். "வசதியுள்ளவர் ஒருவருக்கு ஒரு கார் என்று ஓட்டும்போது, கடன் வாங்கி வாங்கிய என் பழைய வண்டியை மட்டும் குற்றம் சொல்வதா?" என்று விவசாயி கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. வண்டியை விற்றுவிடுங்கள் என்று நான் கூற வரவில்லை. செலவில்லாமலும், செலவைக் குறைத்தும் செய்யக்கூடியவை பல உண்டு. முதலில் அரசு அலுவலர்களாகிய நாங்கள் எங்கள் வண்டியைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதை ஒப்புக்கொள்ள எனக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கிராமத்தில் சுகாதாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு அலுவலக ஜீப்பில் ஏறினேன். வண்டி புறப்பட்டதும் பின்னால் நின்ற பள்ளிக் குழந்தைகள் கரும்புகையில் மறைந்து போயினர். பெரியவர் ஒருவர் கையைத் தட்டி நிறுத்தி, "ஐயா, பேசினது நல்லாயிருந்தது, வண்டிக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். அன்று எனக்கு உண்டான வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை. மறுநாள் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினேன். ஏர் பில்டர் முழுவதும் செம்மண் புழுதி அடைத்திருந்தது, நாசில்கள் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றியபின் புகை நின்றது. அடுத்த மாதங்களில் டீசல் செலவும் குறைந்ததை லாக் புத்தகத்தில் கண்டேன். கரும்புகை என்பது எரியாமல் வீணாகும் டீசலே. அதாவது நம் காசே.

ஆகவே உங்கள் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, வண்டியைப் பேணுதல். கரும்புகை வந்தால் ஏர் பில்டரையும் நாசிலையும் பம்பையும் பார்க்கவேண்டும். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அறியலாம். இழுவைக்காகப் பம்பைக் கூட்டி வைப்பதும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும் புகையைப் பெருக்கும். புது வண்டிகளிலுள்ள புகை வடிகட்டியைக் கழற்றி எறிவது சட்டவிரோதம் மட்டுமன்று, நம் பிள்ளைகளுக்கே செய்யும் தீங்கு. நின்றிருக்கும்போது இன்ஜினை நிறுத்திவிடுதல் நன்று.

இரண்டாவது, புகைச் சான்றிதழ். வண்டியைக் கொண்டுபோகாமலே காகிதத்தை மட்டும் வாங்கிவரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காய்ச்சல்காரனை வீட்டில் விட்டுவிட்டு மருந்துச் சீட்டு வாங்கி வருவதற்கு ஒப்பானது அது. பாரத் நான்காம் நிலைக்கு முந்திய வண்டிகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறையும், நான்காம் நிலை வண்டிகளுக்கும் அதற்குப் பிந்திய வண்டிகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறையும் உண்மையாகவே சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, கூட்டாகப் பயணம் செய்தல். உழவர் சந்தைக்குப் பத்துப் பேர் பத்து வண்டிகளில் காய்கறி கொண்டு செல்வதற்குப் பதிலாக, முறை வைத்து ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பலாம். வாடகையும் மிஞ்சும், புகையும் குறையும். ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் சென்றால் நகரத்துச் சாலையில் எத்தனை இரு சக்கர வண்டிகள் குறையும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, ஊராட்சி மன்றத்தின் கடமை. பஸ் நிறுத்தத்திற்கு நல்ல நடைபாதையும், விளக்கும், நிழற்குடையும் இருந்தால்தான் பெண்களும் முதியோரும் பஸ்ஸை நாடுவர். பஸ் நேரம் பொருந்தாவிடில் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிப் போக்குவரத்துக் கழகத்திற்கு அனுப்புங்கள். குப்பை அள்ளும் பேட்டரி வண்டிகள் பழுதாகி மூலையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்த குப்பையைக் கொளுத்துவதையும் நிறுத்துங்கள்.

நண்பர்களே, கலிபோர்னியாவின் விவசாயிகள் தம் கீரை இலையில் கண்ட குறையை வாய் திறந்து சொன்னார்கள். அவர்கள் பேசாதிருந்திருந்தால், அந்த விஞ்ஞானி அன்னாசிப் பழத்தோடு நின்றிருப்பார். கிராமத்தார் சொல்லும் சொல்லுக்கு அத்தனை ஆற்றல் உண்டு. எங்கள் அலுவலக ஜீப் இன்று இம்மன்றத்தின் வாயிலில்தான் நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் அதன் புகைக் குழாயை நீங்களே பாருங்கள். குறை கண்டால் கையைத் தட்டி நிறுத்துங்கள். அதன்பின் உங்கள் வண்டிகளையும் அவ்வாறே பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.