கோத்த கையும் வெறுங்கையும்



2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தாமிரபரணி கரைபுரண்டு வந்து ஏரலைச் சூழ்ந்துகொண்டதை எங்கள் பக்கத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். இருட்டு வேளையில், இடுப்பளவு வெள்ளத்தில், எங்கள் தெருவார் பத்துப் பன்னிரண்டு பேர் கைகோத்து வரிசையாக நின்றோம். எதிர்வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் அகப்பட்டுக்கொண்டிருந்தார். நான் வரிசையின் நடுவில் நின்றேன். என் இடக்கை ஒருவரிடம், வலக்கை மற்றொருவரிடம். அவ்விருவரையன்றி வேறு யார் யார் நிற்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஆயினும் வரிசை அறுபடவில்லை. கோடியில் நின்ற இளைஞர் ஒருவருக்கு மட்டும் ஒரு கை வெறுங்கையாக இருந்தது. அந்தக் கைதான் மூதாட்டியைப் பற்றிக் கரை சேர்த்தது.

பௌதிகம் படித்த என் பழைய மாணவர் ஒருவர், பின்னொரு நாள் இதைக் கேட்டுவிட்டு, "ஐயா, அணுக்களின் உலகிலும் இப்படி ஒரு வரிசை உண்டு" என்றார். அவரிடம் கேட்டும், பின்னர்ப் படித்தும் நான் அறிந்துகொண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில படிகங்களில் அணுக்கள் மணிமாலைபோல ஒற்றை வரிசையாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். இக்காந்தத் தன்மைக்குக் காரணமான குணத்தைத் தற்சுழற்சி என்பர். அதன் அளவு அரை, ஒன்று, ஒன்றரை என்ற படிகளில்தான் அமையும். அடுத்தடுத்த காந்தங்கள் எதிரெதிர்த் திசையில் நிற்க விரும்பும் வரிசையில், ஓர் அணுவின் நிலை தொலைவிலுள்ள மற்றோர் அணுவின் நிலையை எவ்வளவு பாதிக்கிறது? இதற்குத் தொடர்புறவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

1931ஆம் ஆண்டில் ஹான்ஸ் பெத்தே என்ற அறிஞர் அரைத் தற்சுழற்சி வரிசைக்கு விடை கண்டார். அவ்வரிசையில் தொடர்புறவு தொலைவு மிகமிக மெல்லத்தான் தேய்கிறது. மற்ற வரிசைகளும் அப்படித்தான் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது.

இத்துறையில் நம் நாட்டாரும் கைவைத்திருக்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. 1969ஆம் ஆண்டில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த சஞ்சல் குமார் மஜும்தாரும் கோஷும் ஒரு வரிசையை ஆராய்ந்தார்கள். அதில் அடுத்த அணுவின் பாதிப்பில் சரிபாதி, அதற்கடுத்த அணுவுக்கும் உண்டு. அங்கே அணுக்கள் இரண்டிரண்டாக இணைசேர்ந்துவிடுகின்றன; ஓர் இணைக்கும் மற்றோர் இணைக்கும் தொடர்பே இல்லை. ஆளுக்கு ஒரு கைதான், அந்தக் கையை ஒருவரிடமே கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒழுங்கு வெளிப்படையானது.

1983ஆம் ஆண்டில் டங்கன் ஹால்டேன் புதியதொரு கருத்தை வெளியிட்டார். தற்சுழற்சி ஒன்று, இரண்டு என முழு எண்ணாக இருந்தால், தொடர்புறவு விரைந்து மறைந்துவிடும் என்றார். முதலில் பலர் நம்பவில்லை. 1987ஆம் ஆண்டில் அஃப்லெக், கென்னடி, லீப், தசாகி என்ற நால்வர், இக்கருத்தைத் தெளிவாகக் காட்டும் மாதிரி ஒன்றை அமைத்தனர். அம்மாதிரியைத்தான் எங்கள் வெள்ளத்து வரிசை எனக்கு விளக்கிற்று.

தற்சுழற்சி ஒன்று உடைய அணுவை, இரண்டு அரைகள் சேர்ந்தது எனக் கருதலாம். ஓர் அரை இடப்பக்கத்தாரோடும், மற்றோர் அரை வலப்பக்கத்தாரோடும் இணைகிறது. அதாவது ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகள். இருவர் கைகோக்கும்போது ஒருவர் உள்ளங்கை மேல் நோக்கினால், மற்றவர் உள்ளங்கை கீழ்நோக்கும். இரு கைகளும் மேல் நோக்கினால் அவரைக் 'கூட்டல்' என்போம். இரண்டும் கீழ்நோக்கினால் 'கழித்தல்'. ஒன்று மேலும் ஒன்று கீழுமாயின் 'சுழி'. குவாண்டம் உலகில் எது மேல், எது கீழ் என்பது அளந்து பார்க்கும் வரை முடிவாவதில்லை; எனினும் கணக்கு இதுவே.

இப்போது ஒருவர் கூட்டல் என்று கொள்வோம். அவர் வலக்கை மேல் நோக்குகிறது. ஆகவே அடுத்தவரின் இடக்கை கீழ்நோக்கியே தீரவேண்டும். அவர் மீண்டும் கூட்டலாக முடியாது. சுழியாகலாம், அல்லது கழித்தலாகலாம். சுழியானால், அவர் வலக்கை மேல் நோக்கும். அதே நிபந்தனை அடுத்தவருக்குச் செல்லும். ஆகவே எத்தனை சுழிகள் இடையில் வந்தாலும், கூட்டலுக்குப் பின் கழித்தல் வந்தபின்னரே மறுபடி கூட்டல் வரும். சுழிகளை நீக்கிவிட்டு வாசித்தால் கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று பிசகாத முறை!

ஆனால் இடையில் எத்தனை சுழிகள் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆகையால் தொலைவிலுள்ள இருவரை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் ஒன்றும் புலப்படாது. இம்மாதிரியில் அடுத்தவரோடு உள்ள தொடர்புறவின் அளவு ஒன்பதில் நான்கு. ஒவ்வோர் அடிக்கும் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மேலும் பத்து அடி சென்றால், அந்த நான்கில் 59,049இல் ஒரு பங்குதான் மிஞ்சும்! இடையிலுள்ளோர் அனைவரையும் கணக்கிற் சேர்த்து அளந்தாலோ, எவ்வளவு தொலைவு சென்றாலும் அதே ஒன்பதில் நான்கு குறையாமல் நிற்கிறது. இந்த மறை ஒழுங்கை அளக்கும் முறையை 1989ஆம் ஆண்டில் டென் நைஸும் ரோமெல்ஸும் வகுத்தனர்.

இத்தகைய நிலைக்கு இடத்தியல் நிலை என்று பெயர். கயிற்றை இழுக்கலாம், தளர்த்தலாம், முடிச்சு அவிழ்வதில்லை. அதுபோல, அமைப்பின் சமச்சீர் கெடாத வரையில் சிறு சிறு மாற்றங்களால் இந்நிலை அழியாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கோ என்று கேட்பீர்கள். வரிசையின் கோடியில் நிற்பவருக்கு ஒரு கை வெறுங்கையாக இருக்கவேண்டும் அன்றோ? அணுக்கள் யாவும் தற்சுழற்சி ஒன்று உடையன. கோடியிலோ அரை தனித்து நிற்கவேண்டும்! 1990ஆம் ஆண்டில் ஹகிவாராவும் அவர் தோழர்களும் நிக்கல் அணுவரிசை கொண்ட ஒரு படிகத்தில் சிறிதளவு செம்பைக் கலந்து வரிசைகளை அறுத்தார்கள். அறுந்த முனைகளில் அரைத் தற்சுழற்சியின் அடையாளம் கிடைத்தது. நடுவில் மறைந்திருந்த பிணைப்பைக் கோடி காட்டிக்கொடுத்தது. ஹால்டேனுக்குத் தூலெஸ், கோஸ்டெர்லிட்ஸ் ஆகியோருடன் 2016ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

தலைமையாசிரியனாக இருந்த நாட்களில், நன்றாகப் படிக்கும் ஒருவனையும் பின்தங்கிய ஒருவனையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட்டு, "இவனுக்கும் வகுப்புக்கும் ஒட்டே இல்லை" என்று நான் தீர்ப்புக் கூறியதுண்டு. இடையில் நின்ற பிள்ளைகளை நான் கணக்கிற் கொள்ளவில்லை. யார் யாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், யார் கையை யார் பற்றியிருந்தார்கள் என்று கேட்டிருக்கவேண்டும். என் அளவுகோலுக்கு அகப்படாததை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்த வெள்ளத்து இரவில் கோடியில் நின்றவர் யார் என்பதை மறுநாள் காலையில்தான் அறிந்தேன். நான் ஒட்டே இல்லை என்று ஒதுக்கிய அதே மாணவர்தான் அவர்.