சேற்றில் இறங்கும் கால்



காலிழந்த ஒருவருக்குச் செயற்கைக்கால் கிடைத்தால் எழும்பி நடப்பார், சரி. ஆனால் யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான குருநகரில் நடந்தால் மட்டும் காணுமா? தொழிலுக்குப் போகிறவர் சேற்றில் இறங்கவேணும், வள்ளம் தள்ளவேணும், உப்புத்தண்ணியில் நிற்கவேணும், கரைக்கு வந்தால் நிலத்தில் குந்தியிருந்து வலை பொத்தவேணும். சப்பாத்துப் போட்டுத் தார்றோட்டில் நடப்பவரை நினைத்துச் செய்த கால் இங்கே இரண்டு நாளும் தாங்காது.

1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற வைத்திய நிபுணரும் சேர்ந்து ஓர் இறப்பர்ப் பாதம் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், நனையலாம். வயலிலும் வீட்டிலும் அந்த ஊர்ச் சனம் எப்படிப் புழங்குகிறது என்று பார்த்துச் செய்த பாதம் அது. 1987இல் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் வந்தது. பிறகு வந்த ஷெல்லும் மிதிவெடியும் அதற்கு ஓய்வே கொடுக்கவில்லை. குருநகர் யாகப்பர் கோயிலே 1993 நவம்பரில் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை.

கால் ஊருக்கு ஏற்றதாக வந்துவிட்டது. அரசாங்கக் கந்தோர் இன்னும் அப்படி வரவில்லை என்பதுதான் என் குறை.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2024இல் 7,500 ரூபாயாகி, 2025இல் 10,000 ஆகியிருக்கிறது. நல்லது. ஆனால் படுத்த படுக்கையான மகனைப் பார்க்கிற தாய் இறால் உடைக்கப் போகமுடியாமல் இழக்கிற கூலி அதற்குள் அடங்குமா? பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போக ஓட்டோக்காசு வேறு. தொடர்மாடி ஒன்றின் மேல்தட்டில் இருப்பவர் என்றால் முதலில் படியிறக்க இரண்டு ஆம்பிளைகள் வேணும். விடியற்காலை ஆம்பிளைகள் எங்கே? கடலில்.

நியூசிலாந்திலும் சேவைக்கும் வீட்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட இதே தூரந்தான். சமோவா, தொங்கா போன்ற பசிபிக் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகள் இருந்தும் அவற்றைத் தேடிப் போவது குறைவு. வீட்டிலேயே வைத்துப் பார்ப்பார்கள். பாசந்தான், கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்கும். எங்களுக்குத் தெரியாததா? அந்த மக்களுக்கென்றே அங்கத்தைய சுகாதார அமைச்சு ‘ஃபைவா ஓரா’ என்று ஒரு தனித்திட்டம் வகுத்தது. ஆளை மட்டும் பாராமல் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்ப்பது அதன் போக்கு.

அந்தப் போக்கை இங்கேயும் எடுக்கலாம். குருநகரில் ஞாயிறு பூசைக்கு ஊர் கூடும். பூசை முடிகிற நேரம் கோயில் வளவில் சமூக சேவை உத்தியோகத்தர் ஒரு மேசை போடலாம். கால் செய்கிறவர் அளவெடுக்க வரலாம். காற்றுச் சிலிண்டரோடு கடலட்டைக்குச் சுழியோடி, மேலே வந்தபின் உடம்பு மரத்துப்போனவர்களுக்கு எங்கே, எவ்வளவு கெதியாகப் போகவேணும் என்று ஒரு வைத்தியர் சொல்லிக்கொடுக்கலாம். படியிறங்க முடியாதவர்களின் பெயரைப் பக்கத்து வீட்டார் அந்த மேசையிலேயே பதிந்தால், மத்தியானத்துக்குள் உத்தியோகத்தர் படியேறி அவர்கள் வீட்டுக்கே போகலாம்.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவுக்கு யார் ஒப்பமிடுவது என்பதுதான் மிச்சம்.