முளைத் தானியமும் குழந்தை ஆகாரமும்
(மதுக்கரையில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

தானியத்தின் பெரும்பாகம் மாச்சத்தே. அது விதைக்குள் உறங்கும் முளைக்கருவுக்காக இயற்கை கட்டி வைத்த கட்டுச்சோறு. சர்க்கரைக் கூறுகள் சங்கிலிபோற் பிணைந்து உண்டான அவ்வஸ்து நீரிற் கரையாது. கரையாத ஆகாரம் இளமுளையைச் சென்று சேராது. ஆகையால் ஈரம் பட்டவுடன் முளைக்கரு விழித்துக்கொள்ள, அமைலேஸ் என்னும் நொதிப்பொருள் விதையிற் பெருகுகிறது. அது அச்சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டி, மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. முளைத்த தானியம் இனிப்பது இதனாலேயே.

1833-ஆம் ஆண்டில் பாயென், பெர்ஸோ என்னும் பிரெஞ்சு ரஸாயனிகள் முளைகட்டிய பார்லியிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து, டயாஸ்டேஸ் எனப் பெயரிட்டனர். பார்லிக்குப் பதிலாக நமது சோளம் உதவுமா என்பதைக் கோயமுத்தூரில் பி. விஸ்வநாத் முதலானோர் ஆராய்ந்து, 1918-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

இதனால் நமக்கு என்ன அனுகூலம்? சாதாரண மாவைக் காய்ச்சினால், மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழ் கெட்டிப்படுகிறது. குழந்தை அதனை விழுங்க மாட்டாது. தாய் நீர் விட்டு இளக்குகிறாள். சிறு வயிறு நீரால் நிரம்புகிறது, தேகமோ புஷ்டியடைவதில்லை. முளைமாவு சேர்த்தால், மாவைக் குறைக்காமலே கஞ்சி இளகும். 1980-களில் பரோடா சர்வகலாசாலையில் தாரா கோபால்தாஸ் முதலானோர் இதற்குச் சிறிதளவு முளைமாவே போதுமென்று எடுத்துக்காட்டினர்.

செய்முறை எளிது. கேழ்வரகைக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டுங்கள். ஒன்றிரண்டு நாளில் முளை தோன்றும். வெயிலில் நன்றாய் உலர்த்தி, வேரைத் தேய்த்து உதிர்த்துப் புடைத்து, திரிகையில் அரைத்துக்கொள்ளுங்கள். கருக வறுத்தால் நொதிப்பொருள் அழிந்துவிடும். சாதாரண மாவுடன் ஒரு சிறு கரண்டி முளைமாவைக் குளிர்ந்த நீரிற் கரைத்து, இளந்தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். கஞ்சி இளகிய பின் நன்றாகக் கொதிக்க வைத்து இறக்குங்கள். கொதிப்பது அவசியம், ஈரத்தில் முளைத்த தானியத்திற் கிருமிகளும் பெருகும்.

இரண்டு எச்சரிக்கைகள். பூஞ்சணம் பூத்த அல்லது துர்நாற்றம் வீசும் தானியத்தை எறிந்துவிடுங்கள். குழந்தைக்குச் சோள முளையை உபயோகிக்க வேண்டாம். வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு மடிவதை நீங்கள் அறிவீர்கள். அந்த விஷத்தைப் பிறப்பிக்கும் பொருள் சோள முளையிலும் வேரிலும் உண்டு. கேழ்வரகில் அவ்வச்சமில்லை.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாமல் இக்கஞ்சியைப் புகட்டலாம். இதற்கு வேண்டியவை வீட்டிலுள்ள கேழ்வரகும், ஒரு துணியும், இரண்டு நாட் பொறுமையுமே. இன்றிரவே ஓர் ஆழாக்கு ஊறவைத்துப் பார்க்குமாறு தாய்மார்களை வேண்டிக்கொள்கிறேன்.