கள்ளத்தோணி, வந்தேறி, ஊடுருவல்காரர்: காகிதம் இல்லாதவர்களுக்கு எது நாடு?



யாருடைய நினைவில் நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் எழுத்தாளராக அறியப்படும் முன்பே மனு எழுதித் தருபவராக நம் சேரிகளில் அறியப்பட்டவர். சாதிச் சான்றிதழ், பட்டா, முதியோர் உதவித்தொகை என்று எதற்காக யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்கிட்ட என்ன காகிதம் இருக்கு?" பாதிப் பேர் "ஒண்ணும் இல்லீங்கய்யா" என்பார்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: "இல்லாம எப்படிப் போச்சு? அதச் சொல்லு, அதத்தான் எழுதப் போறோம்." அரசு அலுவலகம் முதல் கேள்வியோடு நின்றுவிடும். தோழர் இரண்டாவது கேள்விக்குப் போவார். சட்டவிரோதக் குடியேறிகளை நாடு கடத்துவது பற்றி இன்று நடக்கும் விவாதத்தை அந்த இரண்டாவது கேள்வியைக் கொண்டு அணுகிப் பார்க்கிறோம்.

2025 பிப்ரவரி 5ஆம் தேதி, அமெரிக்கா 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்கியது. கைக்கும் காலுக்கும் விலங்கு. நாடு கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். அதே ஆண்டின் கோடையில் டெல்லி, மும்பை, குருகிராம் குடிசைப் பகுதிகளில் வங்கமொழி பேசும் தொழிலாளர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். குப்பை பொறுக்குபவர்கள், வீட்டுவேலை செய்பவர்கள், கட்டடத் தொழிலாளர்கள். பேசிய மொழியே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. சிலர் விசாரணை ஏதுமின்றி வங்கதேச எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள். அவர்களில் சிலர் இந்தியக் குடிமக்கள்; பின்னர் திரும்ப அழைத்துவரப்பட்டார்கள். விலங்குக்குக் கொதித்த நாட்டில் இதற்குக் கைதட்டியவர்களும் இருந்தார்கள்.

"எந்த நாடும் தன் எல்லையைக் காக்கத்தானே வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லையே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு மனிதர் எப்படி 'சட்டவிரோதம்' ஆகிறார்? அவர் எல்லையைத் தாண்டியதாலா, அல்லது அவர் வீட்டுக்குள் இருக்கும்போதே சட்டம் மாறியதாலா? இதற்கு நம் சொந்த மக்களின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

துண்டு முதல் குடும்ப அட்டை வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், சக்கிலியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பஞ்சமும் பண்ணையடிமை முறையும் சேர்ந்து அவர்களை விரட்டின. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. தோட்டத்தில் அவர்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த காகிதத்தின் பெயர் 'துண்டு'. கங்காணிக்கு இந்தக் கூட்டம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடைக்கும் தோட்டம் அந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எங்கே பிறந்தார் என்று எழுதி வைக்க யாரும் அக்கறைப்படாத காலத்தில், எவ்வளவு கடன் என்பது மட்டும் துல்லியமாக எழுதி வைக்கப்பட்டது.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டு நவம்பரிலேயே குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது சட்டம். தந்தை அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் அவருடைய தந்தையும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவரிடம் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகராமலே, நாடற்றவர்கள் ஆனார்கள். எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை.

1949இல் வேறொரு சட்டம் வந்தது. இத்தனை ஆண்டு தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் காட்டினால் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. இடையில் ஊருக்குப் போய்வந்தவர், பெயரில் ஒரு எழுத்து மாறியவர், பதிவேட்டில் விட்டுப்போனவர் என்று மற்றவர்கள் தள்ளப்பட்டார்கள். இந்தக் காலத்தில்தான் 'கள்ளத்தோணி' என்ற சொல் ஒரு முழுச் சமூகத்தின் மீதும் அப்பப்பட்டது. அரசாங்கமே ஆள் சேர்க்கும் முகாம் வைத்து, மருத்துவச் சோதனை செய்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன மக்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்த பட்டம் அது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். அந்த ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரில் எவரையும் கேட்டு இந்த ஒப்பந்தம் எழுதப்படவில்லை. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. தோட்டத்து மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கையில் ஒரு குடும்ப அட்டை.

அதன்பிறகு அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். நீலகிரியில் அவர்களுக்காகவே தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் சுள்ளியா ரப்பர் தோட்டங்கள். மறுபடியும் தோட்டம், மறுபடியும் லயம். ஓய்வுபெற்றால் அந்த லயத்தையும் காலி செய்ய வேண்டும். இலங்கையில் இந்தியாக்காரன், இங்கே வந்ததும் சிலோன்காரன். பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், "சிலோனில் பிறந்தவனுக்கு இங்கே ஏது சாதி?" என்று திருப்பி அனுப்பிய அதிகாரிகள் உண்டு. ஆனால் ஊருக்குள் குடியிருக்க வீடு கேட்டபோது எல்லோருக்கும் அவர்களுடைய சாதி தெரிந்திருந்தது.

கடைசியில் 2003இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசித்து வந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் குடியுரிமை என்றது. அரைநூற்றாண்டாகத் தீராத 'சட்டவிரோதக் குடியேறிப் பிரச்சினை' சட்டத்தைத் திருத்தியதும் அங்கே தீர்ந்துபோனது. மக்கள் மாறவில்லை, தேயிலைச் செடியும் மாறவில்லை. சட்டம் செய்த குற்றத்தைச் சட்டமே திரும்பப் பெற்றது. அதற்குள் கடல் தாண்டிப் போனவர்களுக்கு அது உதவவில்லை.

இங்கே நடப்பது

இலங்கை தன் சட்டத்தைத் தளர்த்திய அதே 2003ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம், இந்தியா தன் குடியுரிமைச் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லைச் சேர்த்தது. செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் வந்தவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் பதிவு மூலம் குடியுரிமை கேட்க முடியாது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையாக இருந்தாலும், பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்டவர் என்றால் குழந்தையும் குடிமகன் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழர்களை இதில் வைத்துப் பாருங்கள். 1964 ஒப்பந்தப்படி 'இந்தியாவுக்கு உரியவர்கள்' என்று எழுதப்பட்டவர்களின் வாரிசுகளும் அவர்களில் உண்டு. 1983 வன்முறைக்குப் பிறகு படகில் வந்ததால் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். 2019இல் திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு மதுரை உயர்நீதிமன்றக் கிளை சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பட்டியலிட்டது. அதில் இலங்கை இல்லை, முஸ்லிம்களும் இல்லை.

அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். 1971 மார்ச் 24க்கு முன்பே குடும்பம் அங்கே இருந்ததற்கு நிலப்பத்திரமோ வாக்காளர் பட்டியலோ காட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தோடு தனக்குள்ள உறவுக்கும் காகிதம் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் போகாமல் சிறுவயதிலேயே கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்ணுக்கு, 'இன்னாரின் மகள்' என்று சொல்ல ஊராட்சிச் செயலர் தந்த சான்று ஒன்றுதான் இருந்தது. அது செல்லுமா என்று உச்சநீதிமன்றம்வரை வழக்கு நடந்தது. குற்றவழக்கில் குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டவர் சட்டத்தில் மட்டும், நான் வெளிநாட்டவர் இல்லை என்று குற்றம்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். நிலம் இல்லாதவர், எழுத்து தெரியாதவர், ஆற்று வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

வங்கத்து நாமசூத்திரர்களை நாம் மறக்கக் கூடாது. 1946இல் பம்பாயில் வழி அடைக்கப்பட்டபோது, அண்ணல் அம்பேத்கரை வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பியதில் ஜோகேந்திரநாத் மண்டலுக்கும் அந்த மக்களுக்கும் பெரும் பங்கு உண்டு. பிரிவினையில் அவர்கள் வாழ்ந்த மண்ணின் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போனது. அகதிகளாக வந்தவர்களைத் தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிழைக்க முடியாமல் 1978இல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவுக்கு வந்தவர்களை, 1979இல் உணவும் குடிநீரும் போகாமல் முற்றுகையிட்டு, சுட்டு, குடிசைகளைக் கொளுத்தி விரட்டியது ஓர் இடதுசாரி அரசு. அண்ணலைச் சபைக்கு அனுப்பிய மக்களின் வாரிசுகள் இன்றும் குடியுரிமைக் காகிதத்துக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

நம் வீட்டுக்குள்

இப்போது கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 'வந்தேறி' என்ற சொல் நம் கூட்டங்களிலும் ஒலிக்கிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது, அவர்கள் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். உள்ஒதுக்கீட்டின் கணக்கைப் பற்றி விவாதிக்கலாம், அது வேறு. பல நூற்றாண்டுகளாக இந்த மண்ணின் மலத்தை அள்ள வைக்கப்பட்டவரிடம் 'நீ எப்போது வந்தாய்?' என்று கேட்பது, கொழும்பு நாடாளுமன்றம் 1948இல் நம் மக்களிடம் கேட்ட அதே கேள்வி. எழுபதுகளில் இலங்கையின் ஜே.வி.பி. இளைஞர்களும் ஏழைகளின் பிள்ளைகள்தான். அவர்களுடைய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. அதில் தோட்டத் தொழிலாளி எதிரியின் கருவியாகக் காட்டப்பட்டார். ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவருக்கு இந்த நோய் வராது என்று சொல்ல முடியாது.

"வெளியிலிருந்து வருகிறவன் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறான், நம் பிள்ளைகளுக்கு வேலை போகிறது" என்கிறார்கள். இதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். திருப்பூரிலும் கட்டட வேலையிலும் அந்த வலி உண்மை. ஆனால் குறைந்த கூலியைத் தீர்மானிப்பவர் யார்? எந்த நேரமும் பிடித்துக் கொடுக்கப்படலாம் என்ற பயத்தோடு வேலை செய்பவர் கூலி உயர்வு கேட்க மாட்டார். கை போனாலும் இழப்பீடு கேட்க மாட்டார். முதலாளிக்கு வேண்டியது அந்தப் பயம்தான். பண்ணையாருக்குக் கடன்சீட்டு எதற்குப் பயன்பட்டதோ, அதற்கே இந்தப் பயம் பயன்படுகிறது. கூலி குறைவதற்கு மருந்து, யாராக இருந்தாலும் அதே குறைந்தபட்சக் கூலி என்று சட்டத்தை அமல்படுத்துவது. ஒருவரை இரவோடு இரவாக எல்லையில் தள்ளினால் அவர் இடத்துக்கு அதைவிடப் பயந்த இன்னொருவர் வருவார்.

நாம் சொல்ல வேண்டியது

1931 ஆகஸ்டில் பம்பாய் மணிபவனில் காந்தியைச் சந்தித்த அண்ணல், தனக்குத் தாயகம் இல்லை என்றார். கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத மண்ணைத் தாயகம் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. பிறகு அதே அண்ணல் தலைமையில் எழுதப்பட்ட அரசமைப்பின் 14ஆவது, 21ஆவது பிரிவுகள், சமத்துவத்தையும் உயிர்ப் பாதுகாப்பையும் குடிமக்களுக்கு மட்டும் தரவில்லை. எந்த ஒரு நபருக்கும் தருகின்றன. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2025 மே மாதம் ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கில், எல்லோரையும் ஏற்க இந்தியா சத்திரம் அல்ல என்ற கருத்து அதே நீதிமன்றத்தில் ஒலித்தது. இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்பது என்பதில் நமக்குக் குழப்பம் வேண்டியதில்லை.

எனவே இந்த அரங்கிலிருந்து நாம் கேட்பவை இவை. ஒருவர் வெளிநாட்டவர் என்று சொல்லும் அரசே அதை நிரூபிக்கட்டும். விசாரணையும் வழக்கறிஞரும் இல்லாமல் எவரையும் எல்லை தாண்டித் தள்ளக் கூடாது. ஏற்க ஒரு நாடு இல்லாதவரைக் காலவரையின்றி அடைத்து வைக்கக் கூடாது. முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழருக்குக் குடியுரிமையும், தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளுக்குத் தடையின்றிச் சாதிச் சான்றிதழும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் பெயர் எழுதிய காகிதம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் படியெடுத்து வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் இருக்காது. பஞ்சமி நிலத்துக்கே நம்மிடம் காகிதம் இல்லை. அதைக் கேட்டதற்குத்தான் 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இல்லையென்றால், இல்லாமல் எப்படிப் போனது என்று பாட்டியிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். எழுதி முடித்தபிறகு, தொலைக்காட்சியில் ஒரு வங்காளத் தொழிலாளியிடம் காவலர் ஆவணம் கேட்கும் காட்சியை மறுபடி பாருங்கள்.

நம் தோழர் இருந்திருந்தால் அந்தத் தொழிலாளிக்கும் ஒரு மனு எழுதியிருப்பார். அவர் விட்டுப்போன வேலை அது.