பங்குக்கு முன்னால் கணக்கு

(சேலம், நாமக்கல் மாவட்ட வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடை போட்டு அரசாங்கத்திடம் நியாயம் கேட்டுப் பழகியவர்கள் நாம். இன்று ஒரு மணி நேரம் நம் வீட்டுக்குள் நியாயம் இருக்கிறதா என்று பார்ப்போம். அத்தாவுக்கும் மகனுக்கும் நடுவே இருக்கும் கொடுக்கல் வாங்கல் நேர்மையாக இருக்கிறதா?

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு மொத்தக் கடை என்று வைத்துக் கொள்ளுங்கள். நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை என்றாலும் சரிதான். மூத்த மகன் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தான். காலையில் ஷட்டரைத் தூக்குவதில் இருந்து இரவு கல்லா எண்ணுவது வரை அவன்தான். சம்பளம் கிடையாது. கேட்டால், "எல்லாம் உனக்குத்தானேடா" என்பார் அத்தா. அந்தக் கடை வருமானத்திலேயே தம்பி இன்ஜினியரிங் படித்தான், பெங்களூரில் வேலைக்குப் போனான். தங்கைக்கு நகை போட்டு நிக்காஹ்வும் நடந்தது. பதினைந்து வருடம் கழித்து அத்தா மௌத்தானார். கடையும் சரக்கும் சேர்ந்து 40 லட்சம் தேறியது.

அத்தாவின் பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் மார்க்கம் சொல்லும் கணக்கு இதுதான். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மீதி 35 லட்சத்தில் மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம்.

மூத்தவன் கொதிக்கிறான். "என் இளமை முழுவதும் இந்தக் கடையில் போயிற்று. தம்பிக்கும் 14, எனக்கும் 14 என்றால் என் உழைப்புக்கு என்ன கூலி?" ஜமாஅத்தில் பஞ்சாயத்து, கோர்ட்டில் வழக்கு, கடைசியில் கடைக்குப் பூட்டு!

தவறு எங்கே நடந்தது? பங்கு பிரித்த கணக்கில் தவறு இல்லை. அத்தா உயிரோடு இருந்த பதினைந்து வருடமும் கணக்கே எழுதவில்லையே, அங்கேதான் தவறு.

நம் இளைஞர்கள் பலர் "பாட்டன் சொத்தில் எனக்கும் பங்கு உண்டு" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடை இந்து நண்பர் குடும்பத்தில் பிறப்பால் வரும் கூட்டுக் குடும்ப உரிமை உண்டு. நமக்கு அது கிடையாது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின்படி நம் வாரிசுரிமை நடக்கிறது. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று சென்னை மாகாணம் 1949ல் திருத்தம் செய்தது. இந்த முறையில் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையது. கடையில் கூட நின்று உழைத்தான் என்பதற்காக மட்டும் மகன் பங்குதாரர் ஆகிவிட மாட்டான்.

அப்படியானால் மூத்தவனுக்கு வழியே இல்லையா? இருக்கிறது! அந்நிஸா அத்தியாயத்தில் வாரிசுப் பங்கைச் சொல்லும் இடத்திலேயே, கடனையும் மரண சாசனத்தையும் தீர்த்த பிறகுதான் பங்கு என்று அல்லாஹ் விதித்திருக்கிறான். கொடுக்காமல் நின்ற சம்பளம் கடன்தானே? எழுதி வைத்திருந்தால் அது பங்குக்கு முன்னால் வந்துவிடும். கடனை எழுதி வையுங்கள் என்ற கட்டளையும் அல்பகறா அத்தியாயத்தில் இருக்கிறது. மகனோடு செய்யும் கணக்குக்கு மட்டும் விலக்கு என்று யார் சொன்னது?

அத்தா அன்றே மூத்தவனைக் கால் பங்குக் கூட்டாளியாக எழுதி வைத்திருந்தார் என்று வையுங்கள். 40 லட்சத்தில் 10 லட்சம் அவனுடைய சொந்தம். மீதி 30 லட்சம்தான் அத்தாவின் சொத்து. அதில் மனைவிக்கு மூன்றே முக்கால், மகன்களுக்குத் தலா பத்தரை, மகளுக்கு ஐந்தே கால். மூத்தவனுக்கு மொத்தம் இருபதரை லட்சம். யாருடைய உரிமையும் பறிபோகவில்லை, யாரும் கோர்ட் படியும் ஏறவில்லை.

"பிறகு கொடுத்தால் போகிறது" என்பவர்கள் தங்கத்தைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் ஒரு பவுன் நாலாயிரம் ரூபாய்க்கும் கீழே. 2025ல் எழுபதாயிரத்தைத் தாண்டியது. அன்று மாதம் இரண்டாயிரம் ரூபாய் சம்பளம் கொடுத்திருந்தால் இரண்டு மாதக் கூலி ஒரு பவுன். அன்று கொடுக்காத நாலாயிரத்தை இன்று நாலாயிரமாகக் கொடுத்தால் அது நியாயமா? பெரியவர்கள் இளமையில் கடை லாபத்தில் மனை வாங்கிப் போட்டார்கள். சம்பளமே இல்லாத மகன் எதை வைத்து வாங்குவான்? வருமான வரிக் கணக்கு அவன் பெயரில் இல்லை, ஜி.எஸ்.டி. பதிவு அத்தா பெயரில். பேங்க்கில் கடன் கேட்டால் நாற்பது வயதிலும் அவன் வருமானம் இல்லாதவன்!

வெளிநாட்டுச் சம்பாத்தியத்திலும் இதே கதைதான். மகன் துபாயில் இருந்து அனுப்பிய பணத்தில் வீடு, பத்திரம் அத்தா பெயரில். அத்தா மௌத்தானதும் அது எல்லா வாரிசுக்கும் பொது. "என் பணம்" என்று வழக்குப் போட 1988ஆம் ஆண்டு பினாமி தடைச் சட்டம் குறுக்கே நிற்கும். பெற்றோர் பெயரோடு தன் பெயரையும் பத்திரத்தில் சேர்த்து, தனக்குத் தெரிந்த வருமானத்தில் வாங்கியிருந்தால் 2016 திருத்தத்தில் அதற்கு விலக்கு உண்டு. தம்பிமார்களே, பணம் அனுப்பும் முன் இதைத் தெரிந்து கொள்ளுங்கள்.

இன்னொன்று, நெஞ்சைச் சுடுவது. கடையை வளர்த்த மகன் நெடுஞ்சாலை விபத்தில் அத்தாவுக்கு முன்பே மௌத்தாகி விடுகிறான். அவனுடைய தம்பி இருக்கும்போது அந்த யதீம் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு வராது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுத மார்க்கம் பாட்டனாருக்கு வழி விட்டிருக்கிறது. எகிப்து நாடு 1946லேயே இதைச் சட்டமாக்கியது. நம் பாட்டனார்கள் ஒரு தாள் எடுத்து எழுதத் தயங்கலாமா?

பெரியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சாக்கு மூட்டை மேல் படுத்துக் கடையை உண்டாக்கியவர்கள் அவர்கள். "எழுதிக் கொடுத்துவிட்டால் என்னைத் திண்ணையில் உட்கார வைத்துவிடுவானே" என்ற பயம் பொய்யானது அல்ல. 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்காகவே வந்தது. கவனிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எனவே நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்த நுஃமான் (ரலி) அவர்களின் தந்தையிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாயா என்று கேட்டார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சி நீதமாக நடக்கும்படி கண்டித்தார்கள். கூலியும் அன்பளிப்பும் வேறு வேறு. கூலியை உழைத்தவனுக்குக் கொடுங்கள், அன்பளிப்பில் பாரபட்சம் காட்டாதீர்கள். நகை போட்டோம் என்று மகளின் பங்கை விடுதலைப் பத்திரத்தில் எழுதி வாங்காதீர்கள்.

முஸ்லிம்களில் சொந்தத் தொழில் செய்வோர் மற்றவர்களை விட அதிகம் என்று 2006ல் சச்சார் குழு சொன்னது. நம் சமுதாயத்தின் பலமே குடும்பக் கடைகள்தான். அவை ஒரு தலைமுறையோடு உடையக் கூடாது என்றால் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று: கடையில் நிற்கும் மகனுக்கு இந்த மாதம் முதல் சம்பளம், அவன் பெயரில் உள்ள கணக்கில்.

இரண்டு: அவன் கூட்டாளி என்றால் கூட்டுப் பத்திரம், எத்தனை பங்கு என்ற விவரத்தோடு.

மூன்று: மனைவி, மகள் உட்பட எல்லோரையும் உட்கார வைத்து வருடத்துக்கு ஒரு முறை கணக்கை வாசித்துக் காட்டுங்கள்.

இளைஞர்களே! அத்தாவிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஆனால் கேட்கும் முறையில் மரியாதை இருக்கட்டும். பெரியவர்களே! பிள்ளை கேட்பதற்கு முன்னால் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த வீட்டில் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழ வேண்டும், கல்லாச் சாவிக்காக முறைத்துக்கொள்ளக் கூடாது.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! வஸ்ஸலாம்.